தனிவட்டி வாய்பாட்டில் வட்டி வீதத்தை மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பது?

தனிவட்டி என்றால் அசலுக்கு மட்டும் போடும் வட்டி, வட்டிக்கு வட்டி கிடையாது. வட்டி = அசல் × வருடம் × வீதம் ÷ 100. இதில் வீதத்தைத் தனியே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடைபோட்ட பழைய இரட்டைத்தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள் (இப்போதெல்லாம் டிஜிட்டல்தான்): ஒரு தட்டில் எடையை இரட்டித்தால் மறுதட்டிலும் இரட்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் முள் சாயும். சமக்குறியும் அப்படித்தான். இரண்டு பக்கமும் 100-ஆல் பெருக்கி, அப்புறம் அசல் × வருடத்தால் வகுத்தால் வீதம் = வட்டி × 100 ÷ (அசல் × வருடம்).

50,000 ரூபாய் வாங்கி 2 வருடத்துக்கு 12,000 வட்டி கட்டினால் 12,00,000 ÷ 1,00,000, அதாவது 12 சதவீதம். நம்ம ஊர்ப் பேச்சில் ஒரு ரூபாய் வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய்.

பலர் வழுக்குவது இங்கேதான்: வருடத்துக்குப் பதில் 24 மாதம் என்று போட்டால் விடை 1 வரும், அது வருடத்துக்கு 1 சதவீதம் இல்லை, மாதத்துக்கு.