சிறிய கார்பன் எஃகு மடக்குக் கத்தி வாங்க விரும்புகிறேன். எதை வாங்கலாம், துருப்பிடிக்காமல் எப்படிப் பராமரிப்பது?

பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் பையில் வைத்துக்கொள்ளத்தக்க ஒரு கத்தியைத் தேடுகிறீர்கள் என்றும், ‘துருப்பிடிக்கிற இரும்பு எதற்கு, ஸ்டெயின்லெஸ் வாங்கு’ என்று வீட்டில் யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்றும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். என்னிடமும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

ஓப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியில் 8 ஆம் எண் அளவில், கார்பன் எஃகு அலகு உடையதை வாங்குங்கள். பிரான்சின் லியோன் நகரில் வேலை பார்த்த காலத்தில் ஓர் இரும்புச் சாமான் கடையில் அதை வாங்கினேன். இப்போது நாகப்பட்டினத்தில், கடற்காற்றுக்கு நடுவில், அதையேதான் தினமும் பயன்படுத்துகிறேன். ஜோசப் ஓப்பினெல் என்ற இளைஞர் 1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் உழவர்களுக்காகச் செய்த கத்தி அது. அலகு, மரப்பிடி, ஆணி, உலோகப் பூண், அதன்மேல் சுழலும் பூட்டு வளையம் என ஐந்தே பாகங்கள். அந்த வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. விரிந்த அலகு விரல்மேல் மடங்கிவிடாமல் அதுதான் காக்கிறது. 6 ஆம் எண்ணும் அதற்கு மேற்பட்டவையும் மட்டுமே இந்தப் பூட்டோடு வருகின்றன; ஆகவே விலை குறைவென்று அதைவிடச் சிறியதை எடுக்காதீர்கள். 8 ஆம் எண்ணின் அலகு எட்டரை சென்டிமீட்டர். ஒரு மாம்பழத்துக்கு அது தாராளம். ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனொகாமியும் அருமையான கத்திதான். ஆனால் அதற்குப் பூட்டு கிடையாது, அலகின் பின்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே வெட்ட வேண்டும். முதல் கத்தியாக அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

கார்பன் எஃகுதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் அது கூர் ஏறும் விதம். ஓப்பினெல் அலகில் ஏறத்தாழ 0.9 சதவீதம் கார்பன் இருக்கிறது. துருவைத் தடுப்பதற்காக ஸ்டெயின்லெஸ் எஃகில் சேர்க்கும் குரோமியம் இதில் இல்லை. குரோமியம் கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் கடினமான துகள்களும் இல்லாததால், சாதாரணக் கல்லிலேயே சில நிமிடங்களில் கூர் ஏறிவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மீன் வெட்டவும் கடலுக்குக் கொண்டுபோகவும் உங்கள் கத்திதான் சரி என்பதை நான் மறுக்கவில்லை.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத வந்ததே அந்தக் கத்திக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்வதற்காகத்தான். நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு, என் மைத்துனர் அதை எங்கள் பகுதிச் சாணைக் கடை ஒன்றில் கொடுத்துத் தீட்டி வாங்கி வந்திருந்தார். வேகமாகச் சுழலும் மின்சாரச் சக்கரத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் தொடாமல் பிடித்திருக்கிறார்கள். அலகின் முனையிலிருந்து பாதி நீளம் வரை, வாயை ஒட்டி நீல நிறம் ஓடியிருந்தது. தீட்டினால் இப்படி நிறம் வருவது வழக்கம்தான் என்று கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எஃகைச் சூடாக்கினால் 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் மஞ்சள் நிறமும், பிறகு பழுப்பும் ஊதாவும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமும் தோன்றும். நீலம் கண்ட இடத்தில் பதம் இறங்கிவிட்டது, அதாவது எஃகின் கடினம் குறைந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு தீட்டினாலும் அந்த வாய் கூரைத் தாங்காமல் மடிந்துபோகும். உண்மையிலேயே ஒரு கொய்யாவை நறுக்குவதற்குள் மடிந்தது.

தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொன்னார்கள். நான் தண்ணீரில் ஊறவைத்த 400 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நயமாகும்), அலகு ஒருமுறைகூடச் சூடேறாமல், நீலம் கண்ட பகுதிக்கு அப்பாலும் கொஞ்சம் சேர்த்து மெல்ல மெல்லத் தேய்த்து எடுத்தேன். பிறகு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 டிகிரி சாய்வில் 1000 எண் கல்லில் புதிய வாய் வைத்து, பழைய தோல் பெல்ட்டின் பின்புறத்தில் இழுத்துப் பிசிறு நீக்கினேன். அலகு அகலத்தில் சற்றே குறைந்திருக்கிறது; ஆனால் கூர் முன்பு இருந்த அதே கூர். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். சாணைத் தொழிலாளர்கள் எல்லோரையும் நான் குறை சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பொறுமையாகத் தீட்டிக் கொடுப்பவர்களின் கைகளில் இதே கத்தியை நான் நம்பிக் கொடுப்பேன்.

பராமரிப்பு நம் வீடுகளில் அரிவாள்மணைக்குச் செய்ததுதான்: வெட்டி முடித்ததும் கழுவி, உடனே துணியால் ஈரம் போகத் துடைப்பது. எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் அலகு கறுக்கும், வாழைப்பூவின் துவர்ப்பு இன்னும் கறுக்கச் செய்யும். அந்தச் சாம்பல் கலந்த கருமையைப் புளி போட்டுத் தேய்த்து அகற்றாதீர்கள், ஏனெனில் அந்தப் படலம் படியப் படியச் செந்துரு ஏறுவது குறையும். செந்துரு பொடிபொடியாகவும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதாகவும் இருப்பதால் அதை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. மெல்லிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். பூசுவதற்குத் தேங்காய் எண்ணெயோ மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினோ போதும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகிக் கீலில் ஒட்டிக்கொள்ளும். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் பீச் மரப்பிடி ஊதி, அலகு உள்ளே இறுகிக்கொள்ளும். நகத்தை உடைத்துக்கொள்ளாதீர்கள், வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கத்தியின் பின்கட்டையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு தானே சற்று வெளியே வரும். சவோய்க்காரர்களின் வழக்கமான உத்தி அது. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் கோடையில் மரம் நன்கு உலர்ந்திருக்கும்போது பிடிக்கும் அதன் பிளவுக்கும் ஆளி விதை எண்ணெய் பூசிக் காயவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி எறியாமல் விரித்து உலர்த்துங்கள், ஏனெனில் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

இணையக் கடைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எஃகின் பெயரைக் குறிப்பிடாமல் ‘ஜப்பானியத் தரம்’ என்றும், மேற்பரப்பில் வெறுமனே அச்சடித்த அலைக்கோலத்தை, எஃகு அடுக்குகளைச் சேர்த்து அடித்துச் செய்யும் ‘டமாஸ்கஸ்’ என்றும் சொல்லி விற்கிறார்கள்; கார்பன் என்று கேட்டு ஸ்டெயின்லெஸ் வந்து சேர்ந்த அனுபவமும் எனக்கு உண்டு. ஓப்பினெல் அலகில் முடிசூட்டிய கை முத்திரையின் கீழ் ‘கார்போன்’ என்று பிரெஞ்சில் பொறித்திருக்கும். ‘இனாக்ஸ்’ என்றிருந்தால் அது ஸ்டெயின்லெஸ், திருப்பி அனுப்புங்கள்.

ஆயுதம் வாங்கச் சொல்கிறேன் என்று யாராவது பின்னூட்டமிடக்கூடும். இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகுகளைத்தான் கூரிய ஆயுத வகையில் சேர்க்கின்றன. இந்தக் கத்தி அதில் பாதி நீளம்கூட இல்லை. பிரான்சிலோ தகுந்த காரணமின்றி இதை உடன் வைத்திருப்பதே குற்றமாகலாம். விமானத்தில் போகும்போது கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள்.