துப்பாக்கிப் பாதுகாப்பை ஆன்லைன் வகுப்பில் குழந்தைக்குக் கற்றுத்தர முடியுமா?

டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறீர்கள், 8 வயது மகன் விளையாடப் போகும் வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது, ஆன்லைன் வகுப்பு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் அது மட்டும் போதாது.

அமெரிக்காவில் 1988-லிருந்து குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் நான்கு படிகள் எளிமையானவை: நில், தொடாதே, அங்கிருந்து ஓடு, பெரியவரிடம் சொல். வீடியோ பார்த்த குழந்தை இதை அழகாக ஒப்பிக்கும். ஆனால் நிஜத் துப்பாக்கியைக் கண்டால் அதே குழந்தை அதை எடுத்துப் பார்க்கக்கூடும். ஒப்பிப்பது வேறு, செய்வது வேறு. அதனால் வகுப்பு முடிந்ததும் பொம்மைத் துப்பாக்கியை மேஜையில் வைத்து, அவனையே நடித்துக் காட்டச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். உங்களிடம் ஓடி வந்து சொன்னால் மனதாரப் பாராட்டுங்கள், திட்டவே வேண்டாம்.

அப்புறம், பொறுப்பு முழுவதையும் பிள்ளை தலையில் வைக்கக் கூடாது. இந்திய ஆயுதச் சட்டப்படி 21 வயது ஆகாதவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்க முடியாது; அதனால் அதைப் பத்திரமாக வைப்பது பெரியவர்கள் பொறுப்பு. குண்டு நீக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்களா, தோட்டா தனிப் பூட்டில் இருக்கிறதா, சாவி யாரிடம் என்று அந்த வீட்டாரிடம் நேராகவே கேளுங்கள். தயக்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், விளையாட்டு உங்கள் வீட்டிலேயே நடக்கட்டும்.