ஏரோஜெல் (நுண்துளைகள் நிறைந்த, பெரும்பகுதி காற்றே ஆன திடப்பொருள்) தொட்டாலே நொறுங்குகிறது. பாலிமர் சேர்த்து உறுதியாக்கினால் வெப்பக் காப்பு கெட்டுவிடாதா?

கெடும். ஆனால் எவ்வளவு கெடும் என்பது பாலிமர் எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. எம்.எஸ்சி. முடித்த கையோடு ஒரு லேபில் ஒன்றரை வருடம் இதே வேலைதான் செய்தேன்.

சிலிக்கா ஏரோஜெல் பாசிமணி கோத்த மாதிரி இருக்கும். சில நானோமீட்டர் அளவுள்ள மணிகள், அவை ஒட்டும் இடத்தில் மெல்லிய கழுத்து. அந்தக் கழுத்துதான் முறியும். பாலிமர் அங்கே பூச்சாக ஏறினால் போதும், துளைகளை அடைத்துவிடக் கூடாது. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு சுமார் 70 நானோமீட்டர் போன பிறகுதான் இன்னொன்றின் மீது மோதும். துளை அதைவிடச் சின்னது என்பதால் முதலில் சுவரில்தான் முட்டிக்கொள்ளும், வெப்பம் கைமாறுவது குறையும். அசையாத காற்றின் வெப்பக் கடத்துத்திறன் 0.026 என்றால், நல்ல ஏரோஜெல்லுக்கு 0.015 வருவது இதனால்தான் (அலகு: மீட்டர்-கெல்வினுக்கு வாட்).

நாங்கள் டிஇஓஎஸ்ஸோடு (சிலிக்காவாக மாறும் திரவம்) அமீன் முனையுள்ள சிலேனையும் (பாலிமர் பிடித்துக்கொள்ளக் கொக்கி தரும் சிலிக்கான் சேர்மம்) கொஞ்சம் கலப்போம். அமீனே வினையை விரட்டிவிடும், திரும்பிப் பார்ப்பதற்குள் ஜெல்லாக இறுகிவிடும் என்பதால் நன்றாகக் குளிரவைத்துத்தான் கலக்க வேண்டும். நுனி வெட்டிய பிளாஸ்டிக் சிரிஞ்சுதான் எங்கள் அச்சு. ஒரு நாள் ஊறவிட்டு, அசிட்டோனில் நாலைந்து முறை கழுவி, அப்புறம் பாலிமராக மாறும் டைஐசோசயனேட் கரைசலில் போடுவோம். அது அமீனைப் பிடித்துக்கொண்டு மணிகளின் மேல் படியும்.

இந்தக் கழுவலில்தான் நான் மாட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரம். இரண்டு முறை கழுவியதோடு விட்டுவிட்டேன். உள்ளே மிச்சமிருந்த தண்ணீரும் எத்தனாலும் ஐசோசயனேட்டைத் தின்றுவிட்டன. திங்கட்கிழமை வந்து பார்த்தால், நீலம் பாய்ந்த கண்ணாடி மாதிரி இருக்க வேண்டியது சாக்பீஸாக நிற்கிறது.

உலர்த்தல் அதைவிடப் பெரிய தலைவலி. 10 நானோமீட்டர் துளையில் எத்தனால் வற்றும்போது, பரப்பு இழுவிசை கிட்டத்தட்ட 90 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமாகச் சுவரை உள்ளே இழுக்கும். சும்மா திறந்துவைத்தால் டிக் டிக்கென்று விரிசல் விடும் சத்தமே கேட்கும். அதனால் கரைப்பானைத் திரவ கார்பன் டை ஆக்சைடால் வெளியேற்றி, 31 டிகிரி செல்சியஸ், 74 பாருக்கு மேலே கொண்டுபோய், வாயுவாக மெல்ல வெளியே விடுவோம். திரவப் பரப்பே உருவாகாது, இழுவிசையும் இல்லை.

பலன்? நிக்கோலஸ் லெவன்டிஸ் குழு 2002இல் காட்டியபடி, அடர்த்தி மூன்று மடங்கு ஏறினால் உறுதி 100 மடங்குக்கு மேல் ஏறுகிறது. அடர்த்தி ஏறினால் திடப்பொருள் வழியே போகும் வெப்பமும் ஏறும், அது கொடுக்க வேண்டிய விலை. என்னைக் கேட்டால், பாரம் தாங்க வேண்டிய இடத்துக்கு மட்டும்தான் இது. குழாயைச் சுற்றத்தான் வேண்டும் என்றால், நார்ப் போர்வையில் ஏரோஜெல் ஊட்டியது கடையிலேயே கிடைக்கிறது. உலைப் பக்கம் வைப்பதாக இருந்தால் பாலிமரை மறந்துவிடுங்கள். வெறும் சிலிக்கா 500 டிகிரியையும் தாங்கும், இந்தப் பூச்சு அதற்கு வெகு முன்பே கருகிவிடும்.