முழங்கால் சவ்வுக் காயம்: இயன்மருத்துவரிடம் கேள்வி பதில்

புதுக்குடியிருப்பு, வலைப்பந்தாட்டப் பயிற்றுநர்: யாரும் மோதவில்லை. பந்தைப் பிடித்து நின்ற இடத்திலேயே எமது வீராங்கனையின் முழங்கால் சவ்வு அறுந்துவிட்டது. எப்படி?

கணைக்கால் எலும்பு முன்னே நழுவாதபடி அதனைத் தொடை எலும்புடன் பிணைத்து வைப்பது முன் சிலுவைச் சவ்வு (ACL). அதன் காயங்களில் பெரும்பாலானவை மோதலின்றியே நிகழ்கின்றன. வலைப்பந்தாட்ட விதிப்படி பந்தைப் பிடித்தவர் மேலும் ஓட இயலாது என்பதால், ஓடிவந்த வேகம் முழுவதும் பெரும்பாலும் ஒற்றைக் காலிலேயே இறங்குகிறது. அவ்வேளையில் முழங்கால் போதியளவு மடங்காதிருப்பின் முன்தொடைத் தசை கணைக்கால் எலும்பை முன்னோக்கி இழுக்கும். அதனைப் பின்னே இழுத்துப் பிடிக்க வேண்டிய பின்தொடைத் தசைக்கோ அந்நிலையில் வலு குறைவு. இடுப்பின் பக்கத்தசையும் தளர்ந்து, தொடை உட்புறம் திரும்பி, முழங்கால் உள்ளே சரியுமாயின் சவ்வு தாங்காது. பாதம் நிலத்தைத் தொட்டு ஏறத்தாழ 40 மில்லிசெக்கன்களில் இவை நடந்து முடிவதால், கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதில் பயனில்லை.

முழங்காவில்: வீக்கத்துக்கு எண்ணெய் போட்டு உருவலாமா?

கூடாது. ‘டக்’கென்ற சத்தத்துடன் விழுந்து, சில மணி நேரத்தில் வீங்கிய முழங்காலை என்பியல் நிபுணரிடம் காட்டவும்.

மல்லாவி, உடற்கல்வி ஆசிரியர்: பெண்களுக்கு இடுப்பு அகலம். குதிக்கவைத்துப் பார்த்து, முழங்கால் உட்சரியும் பிள்ளைகளை அணியிலிருந்து நீக்கிவிடலாமே?

இதனை வன்மையாக மறுக்கிறேன். குதித்தும் திடீரெனத் திரும்பியும் ஆடும் விளையாட்டுகளில் பெண்கள் இக்காயத்துக்கு அதிகம் உள்ளாவது உண்மையே. 2005 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 205 வீராங்கனைகள் குதிக்கவைத்து அளக்கப்பட்டனர். பின்னர் காயமுற்ற 9 பேரின் முழங்கால்கள் அப்போதே கூடுதலாக உட்சரிந்திருந்தன. ஆயினும் 2016 இல் வெளியான நோர்வே ஆய்வில், 710 உதைபந்து, ஹேண்ட்போல் வீராங்கனைகளிடையே அதே வகைச் சோதனையால் காயமுறப்போகிறவரைப் பிரித்தறிய இயலவில்லை. இடுப்பு அகலத்தை மாற்ற முடியாது. தரையிறங்கும் விதத்தை மாற்றலாம். ஆகவே, நீக்குவதற்காக அன்றி, பழக்குவதற்காகப் பாருங்கள்.

மாங்குளம்: ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இருக்கிற நேரத்தில் எல்லோரையும் எப்படிப் பழக்குவது?

ஃபிஃபாவின் ‘11 பிளஸ்’ சூடேற்றல் பயிற்சிக்கு ஏறத்தாழ 20 நிமிடங்களே ஆகும், சிறப்புக் கருவிகளும் வேண்டியதில்லை. அதில் ஒன்று: சோடியாகச் சேர்ந்து, ஒருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் முழந்தாளில் நின்று இடுப்பை மடக்காமல் மெல்ல முன்னே சரிய வேண்டும். பின்தொடைக்கு இதைவிட எளிய பயிற்சி இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்விக்கலாம் என்கையில் ஆள் பொறுக்குவது எதற்கு?

நெடுங்கேணி, பூநகரி, வேறும் மூவர்: முழங்கால் உறை போட்டால் போதுமா?

போதாது. ஐவருக்கும் இதே பதில்.

ஒட்டுசுட்டான்: தம்பிக்கு முழங்கால் சவ்வுச் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு மாதமாகிறது. நோவில்லை, எண்ணெயும் பூசுகிறோம். உதைபந்தாட்டப் போட்டியில் இறக்கலாமா?

நோவின்மை, புதிதாகப் பொருத்திய சவ்வு முதிர்ந்ததற்கு அடையாளமன்று. ஒன்பது மாதத்துக்கு முன் திரும்புவோருக்கு மீண்டும் காயம் நேரும் வாய்ப்பு அதிகம். அதன் பின்னரும் ஒற்றைக்கால் தாவலிலும் தொடை வலுவிலும் அந்தக் கால் மற்றக் காலின் 90 சதவீதத்தையாவது எட்டவேண்டும். எண்ணெயைப் பற்றி முழங்காவில் அன்பருக்கு எழுதியதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.