சாயங்கால இடிமழையும் 90 கிலோமீட்டர் உயரத்து அலைகளும்

கேள்வி: மேல் வளிமண்டலத்தில் ஈர்ப்பு அலைகள் ஒரே நாளுக்குள் எப்படிக் கூடிக் குறைகின்றன? மாலையில் இடிமழை கொட்டினால் அன்றிரவு அதிகமாக இருக்குமா?

பாதி சரி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆடும் அலைகளுக்கு நீங்கள் நினைப்பது பொருந்தும். மணிக்கணக்கில் நீளும் அலைகளுக்குப் பொருந்தாது. இரண்டுக்குமே, மேலே எது போய்ச் சேர வேண்டும் என்பதில் இடிமழையைவிட நடுவழியில் வீசும் காற்றுக்குத்தான் அதிகாரம் அதிகம்.

(கருந்துளைகள் மோதியதில் எழுந்து 2015-இல் லைகோ ஆய்வுக்கூடம் பிடித்ததே, அந்த ஈர்ப்பு அலை வேறு சங்கதி. அதை இங்கே கொண்டுவந்து போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஊரணியில் வெறுங்குடத்தை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் எம்பும், அமிழும், மறுபடி எம்பும். இடிமேகம் மேலே குத்தித் தள்ளிய காற்றும் அப்படித்தான் ஆடுகிறது. அந்த ஆட்டம் பரவுவதுதான் நாம் பேசும் ஈர்ப்பு அலை. ஓர் ஆட்டத்துக்குக் குறைந்தது 5 நிமிடமாவது ஆகும். அதிகபட்சம் எவ்வளவு என்பது அட்சரேகையைப் பொறுத்தது. காரைக்குடி இருக்கும் 10 டிகிரியில் அது கிட்டத்தட்ட 3 நாள். உயரே போகப் போகக் காற்று மெலிகிறது, 16 கிலோமீட்டருக்கு ஒருமுறை அடர்த்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால் 15 கிலோமீட்டரில் நொடிக்கு 10 சென்டிமீட்டர் அசைவாகக் கிளம்பியது, வழியில் எதையும் இழக்காவிட்டால், 90 கிலோமீட்டரில் நொடிக்கு 20 மீட்டராக வீங்கி நிற்கும். அங்கே உடைந்து, சுமந்து வந்த உந்தத்தைக் கொட்டிவிடும். அந்த உயரத்துக் காற்றுகளுக்கு இந்த அலைகள்தான் விளக்கம் என்று 1960-இல் கனடா இயற்பியலாளர் ஹைன்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறையே சூடு பிடித்தது.

இனி நேரக் கணக்கு. எங்கள் செட்டிநாட்டில் சித்திரை, வைகாசியில் மாடியில் வத்தல் காயப்போடும் ஆச்சிமாரைக் கேட்டால் போதும். மூன்று மணி தாண்டினால் "மேக்க இருட்டிக்கிட்டு வருது, அள்ளுங்கத்தா" என்று குரல் வந்துவிடும். நிலத்தின் மேல் இடிமேகம் எழுவது பிற்பகலில் தொடங்கி முன்னிரவுவரை. கடல் மேல் பெரும்பாலும் பின்னிரவும் விடியலும். ஆக, கீழே அலை பிறக்கும் நேரமே இடத்துக்கு இடம் மாறுகிறது.

காரைக்குடியில் மாலை ஐந்து மணிக்கு ஒரு பெரிய இடிமேகம் என்று வையுங்கள். அதிலிருந்து புறப்படும் 15 நிமிட அலை, அதன் முகட்டுக்கு முகடு கிடைத்தூரம் 40 கிலோமீட்டர் என்றால், ஒன்றரை மணி நேரத்தில் 90 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுவிடும். ஆனால் நேர்மேலே போகாது. சாய்வாகப் போய் 200 கிலோமீட்டர் சொச்சம் தள்ளித்தான் வெளிப்படும். தென்மேற்காகப் போனால் அது ஏறக்குறைய திருநெல்வேலி வானம்! அங்கே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ரேடார் பல ஆண்டுகள் இந்த உயரத்துக் காற்றைத்தான் அளந்துவந்தது. மறுபுறம், நம் தலைக்கு மேலே ஆடும் அலை கொடைக்கானல் பக்கத்து மழையில் பிறந்ததாக இருக்கலாம்.

6 மணி நேர அலையின் கதையே வேறு. மேலேற ஏறத்தாழ இரண்டு நாள். அதற்குள் பக்கவாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். இன்றிரவு அந்த வகை அலை வலுவாகத் தெரிந்தால் அதற்கு இன்றைய மழையைக் காரணம் சொல்ல வழியே இல்லை. ரேடார் வரைபடத்தில் இந்த அலைகளின் முகடுகள் நேரம் ஆக ஆகக் கீழே இறங்குவதுபோலத் தெரியும். ஆற்றலோ மேலே போய்க்கொண்டிருக்கும். முதல்முறை பார்ப்பவர் யாரும் இதை நம்பமாட்டார்.

அடுத்து நடுவழிக் காற்று. அலை போகும் திசையில் அதே வேகத்தில் காற்று வீசினால் அந்த உயரத்திலேயே அலை கரைந்துவிடும். ஆடி மாதத்தில் நமக்கு மேலே 15 கிலோமீட்டர் வாக்கில் கிழக்கிலிருந்து மேற்கே பலத்த காற்று ஓடுகிறது. அதனால் மேற்கு நோக்கிப் புறப்பட்ட மெதுவான அலைகள் அங்கேயே முடிந்துபோகும். இது பருவத்தோடு மாறுவது. தினசரி மாறுவது வெப்ப ஓதம். கீழே நீராவியும் மேலே ஓசோனும் வெயிலை உறிஞ்சிச் சூடாவதால் எழும் 24 மணி, 12 மணிச் சுழற்சி அது. 80, 90 கிலோமீட்டரில் இந்த ஓதக் காற்று நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் நாளுக்குள்ளேயே திசை மாறும். காலையில் வடக்கே போகும் அலைக்கு வழிவிட்ட காற்று இரவில் அதையே அடைத்துவிடலாம். கீழே மழை துளிகூட மாறாமல் இருந்தாலும் மேலே அலைகள் தினமும் ஏறி இறங்குவது இதனால்தான். தினசரி மாற்றத்துக்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் ஓதத்தைத்தான் சொல்வேன்.

"இரவில்தான் அதிகம்" என்று எங்காவது படித்தால், எந்தக் கருவி என்று பாருங்கள். 87 கிலோமீட்டரில் ஹைட்ராக்சில் (OH) மூலக்கூறு விடும் மெல்லிய ஒளியைப் படம்பிடிக்கும் கேமரா இருட்டில் மட்டுமே வேலை செய்யும். நிலா வந்தாலே திணறும். பகல் அலைகளைப் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. கிருஷ்ணாபுரத்தில் இருந்ததுபோன்ற ரேடார் பகலில் எட்டும் கீழ் உயரங்களை இரவில் எட்டாது. எரிந்துபோகும் விண்கற்களின் தடத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அளக்கும் விண்கல் ரேடாருக்கு விடியற்காலையில் எதிரொலிகள் குவியும், மாலையில் வற்றிவிடும். கருவியின் நேரத்தை அலையின் நேரமாக எடுத்துக்கொண்ட முடிவுகள் உங்கள் கண்ணில் நிறையப் படும்.