புத்தகக்கடை அக்கா பதில்கள்

கோவில்பட்டியில் 26 வருடமாகப் புத்தகக்கடை நடத்தும் அக்கா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்தவற்றில் உள்ளூர் எழுத்தாளர்களைப் பற்றிய கேள்விகளே அதிகம்.

*அக்கா, போன மாதம் உங்கள் கடைக்கு வந்தேன். படி ஏறியதும் முதல் அலமாரியே கரிசல் எழுத்தாளர்கள். போட்டித்தேர்வுப் புத்தகமெல்லாம் உள்ளே தள்ளி இருக்கிறது. விற்கிற சரக்கை முன்னால் வைக்கக் கூடாதா?*
– வாசகர், சாத்தூர்

விற்கிற சரக்குதான் தம்பி. கடை வாடகை, கரண்ட் பில் எல்லாம் அதில்தான் போகிறது. ஜூன் மாதம் நோட்டும் கைடும் ஓடாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். ஆனால் கைடு வேண்டியவர் எங்கே வைத்தாலும் கேட்டு வாங்கிவிடுவார். ஊர்க்காரர் எழுதிய புத்தகம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாததை எப்படிக் கேட்பார்கள்?

முன்பு நானும் எல்லாக் கடையையும் போலத்தான் வைத்திருந்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தன் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதிச் சொந்தக் காசில் அச்சடித்த புத்தகத்தில் 10 பிரதி தந்துவிட்டுப் போனார். மடை எத்தனை, கரை எப்போதெல்லாம் உடைந்தது, யார் யாருக்கு எந்த முறையில் தண்ணீர் என்று அத்தனையும் அதில் உண்டு. வாங்கிப் பின்கட்டில் வைத்தேன். அதோடு மறந்துபோனேன்.

ஒரு வருடம் கழித்து வந்தார். கையில் இருந்த கடைசிப் பிரதியை ஒரு சொந்தக்காரர் கொண்டுபோய்விட்டார், தனக்கென்று ஒன்று வேண்டும் என்றார். தேடுகிறேன், தேடுகிறேன், கிடைக்கவில்லை. கடைசியில் பத்தாம் வகுப்புக் கைடுக் கட்டுக்கு அடியில் பத்தும் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. அடிப்பிரதியைக் கரையான் அரித்திருந்தது. முக்கால் மணி நேரம் அந்த மனிதர் நின்றுகொண்டே இருந்தார். ஸ்டூல் எடுத்துப் போட்டும் உட்காரவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தன் புத்தகத்துக்குத் தானே காசு வைத்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரியே அலமாரியை வாசலுக்கு நகர்த்தினேன். சோ. தர்மனின் ‘சூல்’ நாவலும் உருளைக்குடிக் கண்மாயின் கதைதானே. 2019க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதை வாங்க நிறையப் பேர் வருவார்கள். அதற்குப் பக்கத்திலேயே வாத்தியார் புத்தகத்தை வைத்தேன். கரையான் தின்றது போக மீதி எட்டும் ஐந்து மாதத்தில் போயின. வாங்கியவர்களில் பாதிப்பேர் அந்தக் கண்மாயில் வயல் உள்ளவர்கள்.

*கி.ரா.வை (கி. ராஜநாராயணனை)ப் படிக்க ரொம்ப நாளாக ஆசை. வட்டார வழக்கு புரியாமல் போய்விடுமோ என்று தயக்கம். எதில் தொடங்கலாம்?*
– வாசகி, கோவை

‘கதவு’ சிறுகதையில் தொடங்குங்கள் அம்மா. அரைமணி நேரம் போதும். தீர்வை (நிலவரி) பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கதவில் ஏறி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளோடு நீங்களும் போவீர்கள். வழக்குச் சொல் எதுவும் குறுக்கே நிற்காது. அடுத்து ‘கோபல்ல கிராமம்’. அது 1976இல் வந்தது. அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது.

சொல்லில் இடறினால் கைகொடுக்கவும் அவரே இருக்கிறார். எங்கள் பக்கம் ‘சம்சாரி’ என்றால் விவசாயி. இந்த மாதிரிச் சொற்களைச் சேகரித்து ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ கொண்டுவந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத சம்சாரி செய்த வேலை அது! பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

கி.ரா.வை வாங்குகிறவர்கள் கையில் கு. அழகிரிசாமியையும் நான் கொடுத்துவிடுவேன். இருவருக்கும் ஊர் இடைசெவல். கி.ரா. பிறந்தது 1923 செப்டம்பர் 16, அழகிரிசாமி அதே செப்டம்பர் 23. ஒரு வார இடைவெளியில் ஒரே கிராமம் பெற்ற பிள்ளைகள்! கி.ரா. 97 வயது வரை நம்மோடு இருந்தார். அழகிரிசாமி 1970இல், 46 வயதிலேயே போய்விட்டார். ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குக் கிடைத்த அகாதெமி விருதை வாங்க அவர் இல்லை. ‘ராஜா வந்திருக்கிறார்’ படியுங்கள். தீபாவளிக்குத் தெருவில் நிற்கும் அநாதைப் பையனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாளே ஒரு தாய், அந்த இடத்தை என்னால் இன்றைக்கும் சத்தம் போட்டு வாசிக்க முடியாது. தொண்டை அடைத்துவிடும்.

*‘அசுரன்’ படம் பார்த்துவிட்டு, அதன் மூலமான பூமணியின் ‘வெக்கை’ நாவலை வாங்க வந்தேன். கூடவே அவருடைய ‘அஞ்ஞாடி’யையும் காட்டினீர்கள். அந்தப் பருமனைப் பார்த்தே பயந்துவிட்டேன்.*
– வாசகர், விருதுநகர்

‘வெக்கை’ முடித்தாயிற்றா? படத்தில் பார்த்த வெட்டுக்குத்தைவிட, அப்பனும் மகனும் காட்டுக்குள் ஒளிந்து திரிந்து, சோறு பொங்கித் தின்று, பேசிக்கொண்டிருப்பதுதான் நாவலில் அதிகம். அந்தப் பேச்சுக்காகவே பூமணியை விடாமல் படிக்கிறவள் நான். ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்துக்கு மேல்தான். 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதற்குள் இருக்கின்றன. உங்கள் தாத்தாவின் தாத்தா காலத்தில் உங்கள் ஊர்ப்பக்கத்தில் நடந்தவை. ராத்திரிக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு மாதத்தில் முடிந்துவிடும்.

*என் முதல் கவிதைத் தொகுப்பை நானே அச்சிட்டிருக்கிறேன். 50 பிரதி கொண்டுவந்தால் உங்கள் கடையில் வைப்பீர்களா, அக்கா?*
– வாசகி, விளாத்திகுளம்

வைப்பேன் தாயி. 50 வேண்டாம், 10 கொண்டு வா. இடம் கொஞ்சம், விற்றால் போன் போட்டு மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வேன். நூற்றுக்கு 25 என் கழிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்துக் காசு கொடுத்துவிடுவேன். ரசீது இரண்டு படி எழுது. ஒன்று உன்னிடம் இருக்கட்டும். என்னிடம் மட்டுமில்லை, எந்தக் கடையில் கொடுத்தாலும் ரசீது வாங்காமல் வராதே.

புத்தகத்தின் முதுகில் தலைப்பும் உன் பெயரும் இருக்கிறதா? அலமாரியில் நிற்கும்போது அது ஒன்றுதான் கண்ணில் படும். பலபேர் அட்டைப்படத்துக்கு அத்தனை செலவழித்துவிட்டு முதுகை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். விலையைப் பின்னட்டையில் அச்சிடு. புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதே, அரசே இலவசமாகத் தருகிறது. ஒரு பிரதி முன்கூட்டியே அனுப்பு. படிக்காத புத்தகத்தை ஒருவர் கையில் எடுத்துக் கொடுக்க எனக்கு வராது.

*இணையத்தில் தள்ளுபடி அதிகம் கிடைக்கும்போது கடைக்கு ஏன் வர வேண்டும்?*
– வாசகர், மதுரை

விலையில் என்னால் போட்டி போட முடியாது. அந்தக் கண்மாய்ப் புத்தகம் அங்கே கிடையாது.

*என் ஒன்பது வயது மகளுக்கு உங்கள் ஊர் எழுத்தாளர் ஒருவரைச் சொல்லுங்கள்.*
– வாசகி, திருநெல்வேலி

உதயசங்கர். ‘ஆதனின் பொம்மை’ என்ற நாவலுக்கு 2023இல் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. கீழடியைப் பற்றியது. பிள்ளையே படிக்கட்டும், நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம்.

*எழுத்தாளர்களின் ஊர்களைப் பார்க்கக் குடும்பத்தோடு வரலாம் என்றிருக்கிறோம். எப்போது வரலாம்?*
– வாசகர், திருச்சி

கார்த்திகை கடைசி, மார்கழியில் வாருங்கள். கரிசல் காடு முழுக்கப் பச்சையாக இருக்கும். கோடையில் வந்தால் வேலிக்கருவையும் வெடித்த மண்ணும்தான். காலையில் எட்டயபுரம் போய் பாரதி பிறந்த வீடும், 1947இல் திறந்த மணிமண்டபமும் பாருங்கள். திரும்பி வந்தால் கோவில்பட்டியிலேயே கி.ரா. நினைவரங்கம். சாயங்காலம் கயத்தாறு போகிற வழியில் இடைசெவல். மழை பெய்திருந்தால் ரோட்டை விட்டு இறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கரிசல் மண் அப்பிக்கொண்டால் லேசில் விடாது.

கடைக்கும் வருவீர்கள் அல்லவா? மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை சாத்தியிருப்பேன்.