குதிரை கிடைக்காத பயணிகள்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு பேட்டியில் சொன்னீர்களே என்று இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியின் ‘ரீம்ஸுக்கு ஒரு பயணம்’ ஓபராவை யூடியூபில் முழுக்கப் பார்த்தேன். ஒரு விடுதியில் பல நாட்டுப் பெரிய மனிதர்கள் கூடுகிறார்கள். ராஜாவின் முடிசூட்டு விழாவுக்குக் கிளம்புகிறார்கள். குதிரை கிடைக்கவில்லை. அங்கேயே விருந்து சாப்பிட்டு, ராஜாவைப் புகழ்ந்து பாடி முடித்துக்கொள்கிறார்கள். இவ்வளவுதான் கதை! 150 வருடத்துக்கு மேல் காணாமல் கிடந்ததைத் தேடியெடுத்துக் கொண்டாடுகிறார்கள். காணாமல் போனதற்கும் ஒரு காரணம் இருந்திருக்குமே? மறந்துபோனதையெல்லாம் மீட்டே ஆக வேண்டுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கதை இல்லை என்பது சரிதான். கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்கு பஸ் வராமல் போன மாதிரிதான் மொத்த நாடகமும். ஆனால் ஜனங்கள் பிடிக்காமல் ஒதுக்கியதால் அது காணாமல் போகவில்லை. அதை மேடையிலிருந்து இறக்கியவர் ரொசினியேதான்.

பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் ரீம்ஸ் நகரில் முடிசூடியது 1825 மே 29. ஓபரா பாரிஸின் இத்தாலிய அரங்கில் ஏறியது ஜூன் 19. ஜூதித்தா பாஸ்தா உட்பட ஊரில் இருந்த முதல்தரப் பாடகர்கள் எல்லோரும் ஒரே மேடையில் இருந்தார்கள். நான்கே முறை மேடையேறியதோடு ரொசினி அதை நிறுத்திவிட்டார். விழா முடிந்துவிட்டது. அத்தனை பெரிய பாடகர்களை ஒன்றாகக் கூட்ட வேறு எந்த அரங்குக்கும் கட்டுப்படியாகாது. எனவே ஏறக்குறைய பாதி இசையை எடுத்து 1828-இல் ‘கோம்த் ஓரி’ என்ற பிரெஞ்சு ஓபராவுக்குப் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. 1854-இல் ஆஸ்திரியப் பேரரசரின் திருமணத்துக்கு வியன்னாவில் இதையே ‘வியன்னாவுக்கு ஒரு பயணம்’ ஆக்கிவிட்டார்கள். பாட்டு அதே, ராஜா மட்டும் வேறு.

ரொசினி வேறெதிலும் பயன்படுத்தாத பகுதிகளின் கையெழுத்துப் பிரதி ரோமில் சாந்தா செசிலியா இசைக் கல்லூரி நூலகத்தில் கிடந்தது. 1970-களில் அது என்னவென்று அடையாளம் தெரிந்தது. இசை ஆய்வாளர்கள் பிலிப் காசெட்டும் ஜானெட் ஜான்சனும் பாரிஸிலும் வியன்னாவிலும் இருந்த தாள்களை அதோடு பொருத்திப் பார்த்தார்கள். ஜான்சன் பதிப்பித்த இசைப்பிரதியை வைத்து 1984 ஆகஸ்டில், ரொசினி பிறந்த பெசாரோ ஊரில், கிளாவ்தியோ அப்பாதோ இசைக்குழுவை நடத்தினார்.

இயக்குநர் லூகா ரோன்கோனி செய்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். இல்லாத கதையை இருப்பதாகக் காட்ட அவர் மெனக்கெடவே இல்லை. மேடையில் டிவி கேமராக்காரர்களை அலையவிட்டார். ராஜாவின் ஊர்வலம் வெளியே பெசாரோ தெருக்களில் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. அரங்கத்துக்குள் திரைகளில் அது நேரடியாகத் தெரிந்தது. கடைசியில் ஊர்வலம் அரங்கத்துக்குள்ளேயே நுழைந்தது. எங்கேயோ நடக்கும் விழாவுக்குப் போக முடியாமல் திரையில் பார்க்கும் கூட்டம் என்றால் நமக்குப் புரியாதா என்ன! 1825-இன் அரசாங்க முகஸ்துதி 1984-இல் கேலியாகிவிட்டது. ஆனால் ஒரு ஸ்வரத்தைக்கூட அவர் மாற்றவில்லை.

கேலி இசையிலேயே இருக்கிறது, கவனித்தீர்களா? ஃபொல்வீல் சீமாட்டியின் வண்டி கவிழ்ந்து உடைகள் எல்லாம் போய்விட்டன என்று செய்தி வருகிறது. மயங்கி விழுகிறாள். தெளிந்ததும் பாரிஸ்காரி ஒருத்தி நாகரிக உடை இல்லாமல் எப்படிப் பயணம் போவது என்று மெதுவாக, நிஜத் துக்கம் போலவே பாடுகிறாள். வேலைக்காரி ஒரு பெட்டியோடு வருகிறாள். ஒரு தொப்பி மட்டும் தப்பித்துவிட்டது. அந்தத் தொப்பிக்காகக் குரல் படபடவென்று பிருகாக்களில் ஏறி இறங்குகிறது. பெல் காண்டோ என்ற அந்தக்கால இத்தாலியப் பாட்டுமுறை ஓபராக்களில் தலைவிக்குப் பைத்தியம் பிடிக்கும்போது வருகிற அதே வித்தை, இங்கே ஒரு தொப்பிக்கு. வேடிக்கை என்னவென்றால், ‘கோம்த் ஓரி’யில் இதே இசையில் இன்னொரு சீமாட்டி தன் தனிமைத் துயரத்தைப் பாடுகிறாள். அதுவும் முழுக்க நம்பக்கூடிய துயரம் அல்ல என்பது வேறு கதை.

அப்புறம், எல்லாவற்றையும் மீட்க வேண்டுமா என்ற கேள்வி. வேண்டாம் என்பேன். தூசி தட்டி ஒரு முறை நடத்தி, வீடியோ எடுத்து, திரும்ப அலமாரிக்கே போன ஓபராக்கள் நிறைய உண்டு. வீடியோ இருப்பதாலேயே ஒன்று பிழைத்துவிட்டதாக நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த தலைமுறைப் பாடகர்களுக்கு அது வேண்டியிருந்தால்தான் பிழைக்கும்.

இந்த ஓபராவை 1825-இல் கொன்றது எதுவோ அதுதான் இன்று அதற்குச் சோறு போடுகிறது. ஏறக்குறைய சம பங்குள்ள பத்துப் பெரிய வேடங்கள். ஒரு அரங்குக்கு அது சுமை. ஒரு பாடசாலைக்கோ வரம். பெசாரோவில் நடக்கும் ரொசினி விழாவின் அகாதமியில் பயிலும் இளம் பாடகர்கள் 2001 முதல் வருடாவருடம் எமீலியோ சாகியின் எளிய மேடையமைப்பில் இதைப் பாடிவருகிறார்கள். சில சாய்வு நாற்காலிகள், வெள்ளை அங்கி, அவ்வளவுதான். நட்சத்திரப் பதிவுகளை ஒதுக்கச் சொல்லவில்லை. அப்பாதோவின் ஒலிப்பதிவில் பாடகர் ருஜ்ஜேரோ ராய்மோந்தி ஒவ்வொரு நாட்டுக்காரரின் மூட்டைமுடிச்சையும் அவரவர் உச்சரிப்பிலேயே பட்டியல் போடுவதை விட்டுவிடாதீர்கள். ஆனால் பார்ப்பதற்கு முதலில் அந்த இளைஞர்களிடம் போங்கள். தேடினால் பதிவுகள் கிடைக்கும்.

நீங்கள் பார்த்த வீடியோவில் அலுப்புத் தட்டியதற்குக் கேமராவும் காரணமாக இருக்கலாம். குதிரை இல்லை என்று தெரிந்ததும் 14 பேர் வாத்தியமே இல்லாமல், திகைத்துப்போய்ப் பாடத் தொடங்குவார்கள். அந்த இடத்தில் பெரும்பாலும் கேமரா ஒவ்வொரு முகமாகத் தாவும். 14 பேரைக் கேட்கிறோம், ஒருவரைப் பார்க்கிறோம். எல்லோரையும் ஒரே சட்டகத்தில் நிற்கவிட்ட பதிவு எது என்று பார்த்து அதில் அந்தப் பகுதியை மட்டும் போடுங்கள். சப்டைட்டில் வேண்டாம், எல்லோரும் ஒரே ஏமாற்றத்தைத்தான் சொல்கிறார்கள்.

அன்புடன்.